விடுதலை என்றால் பொய் வழக்கா?

வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பொய் என்கிறார்கள். புதுக்கோட்டை நீதிமன்றப் பக்கத்து டீக்கடையில் குமாஸ்தா இதைச் சொல்கிறார். தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்கிறார். யூடியூபில் கறுப்புக் கோட்டு மாட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். 2024 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு பொறியாளர், மனைவி தொடுத்த வழக்குகளைக் காரணம் காட்டி உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு இந்தக் குரல்களில் ஒரு தீர்மானமே ஏறிவிட்டது. எண்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சே சார்" என்பார்கள்.

உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் நினைவில் இருப்பது 2014 ஜூலை 2 அன்று வந்த அர்னேஷ் குமார் எதிர் பிகார் மாநிலம் என்ற தீர்ப்பு. புகார் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்ட தீர்ப்பு அது. தேசியக் குற்றப் பதிவேட்டு ஆவணக் காப்பகத்தின் 2012-ஆம் ஆண்டுக் கணக்கை அது எடுத்துக்காட்டியது. அந்த ஆண்டில் கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டம் 498-ஏ பிரிவில் கைதானவர்கள் 1,97,762 பேர். அவர்களில் 47,951 பேர் பெண்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் 93.6 சதவீதம், தண்டனை விகிதம் 15 சதவீதம். 3,72,706 வழக்குகள் விசாரணையில் நிலுவை. இதே போக்கில் போனால் இவற்றில் ஏறத்தாழ 3,17,000 வழக்குகள் விடுதலையில் முடியக்கூடும் என்று நீதிமன்றம் கணக்குப் போட்டது. இந்தப் பிரிவைச் சில மனைவிகள் கேடயமாக அல்லாமல் ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கடிந்துகொண்டதும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று லட்சத்தை நீதிமன்றம் 'விடுதலை' என்றுதான் குறித்தது, 'பொய்' என்று எங்கும் குறிக்கவில்லை. நூறிலிருந்து பதினைந்தைக் கழித்து மிச்சத்துக்குப் 'பொய்' என்று பெயர் சூட்டியது டீக்கடை.

அதே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது எப்படி? விசாரித்து முடித்த வழக்குகளில் 93.6 சதவீதத்தில் வழக்குத் தொடரும் அளவுக்கு ஆதாரம் இருப்பதாகக் காவல் துறையே எழுதிக் கொடுத்திருக்கிறது. போலீஸ் எல்லாவற்றுக்கும் குற்றப்பத்திரிகை போட்டுவிடும் என்று இதற்குப் பதில் வரும். நம் ஊர் மகளிர் ஸ்டேஷனில் ஒரு முறையாவது போய் உட்கார்ந்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். அங்கே புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். விழுந்துவிடுவதில்லை. முதலில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். பிறகு மனு விசாரணை என்று இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தை நம் காவல் நிலையங்கள் தாராளமாகவே எடுத்துக்கொண்டன. "எழுதிக் கொடுத்துட்டு ஒத்துமையாப் போங்க" என்று முடிந்த மனுக்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. சல்லடையில் சலித்து மிஞ்சியதுதான் எஃப்.ஐ.ஆர். ஆகிறது.

அப்படி மிஞ்சிய வழக்கு ஏன் விடுதலையில் முடிகிறது? ஒரு வழக்கை நாமே கற்பனையாகக் கட்டிப் பார்க்கலாம். பெண்ணின் ஊர் அறந்தாங்கிப் பக்கம், கட்டிக்கொடுத்தது கறம்பக்குடிப் பக்கம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. நகை, ரொக்கம், பைக் எல்லாம் போட்டுத்தான் கல்யாணம். மூன்றாம் வருடம் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். உறவுப் பஞ்சாயத்து இரண்டு முறை கூடி அவளைத் திருப்பி அனுப்புகிறது. மூன்றாம் முறை அவள் ஸ்டேஷனுக்குப் போகிறாள். சி.எஸ்.ஆர்., மனு விசாரணை, கடைசியில் எஃப்.ஐ.ஆர். அதில் 498-ஏ, வரதட்சணைத் தடைச் சட்டம் பிரிவு 4, தமிழ்நாடு பெண் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 4. வழக்கறிஞர் சொல்படி ஜீவனாம்சத்துக்கு ஒரு எம்.சி., குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு மனு. பதிலுக்கு மாப்பிள்ளை தரப்பு விவாகரத்து கேட்டு ஹெச்.எம்.ஓ.பி. போடுகிறது.

இரண்டு மூன்று வருடம் வாய்தாவிலேயே போகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தங்கைக்கு வரன் வருகிறது. "அக்கா கேஸ் கோர்ட்டில் இருக்காமே" என்று வரன் தயங்குகிறது. அப்போது யாரோ ஒரு பெரியவர் பேச வருகிறார். போட்ட நகையைத் திருப்பித் தருகிறோம், கையில் இவ்வளவு ரொக்கம், இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம், கேஸை மட்டும் முடித்துக் கொடு என்கிறார். 498-ஏ இரு தரப்பும் தாங்களாகவே சமாதானம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. ஆகவே வழி இரண்டுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் வழக்கை ரத்து செய்து வாங்கலாம். 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலிருந்து அதற்கு அனுமதி உண்டு, செலவும் உண்டு. செலவில்லாத வழி, கீழ்க் கோர்ட்டில் கூண்டில் ஏறி, "அவர் என்னை அடிக்கவில்லை, போலீஸ் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லிவிடுவது. முதல் சாட்சி பிறழ் சாட்சி. அம்மாவும் அப்பாவும் அப்படியே. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று எதிரி விடுதலை.

ஆவணக் காப்பகத்தின் கணக்கில் விடுதலை ஒன்று கூடுகிறது. டீக்கடைக் கணக்கில் பொய் வழக்கு ஒன்று கூடுகிறது. அந்தப் பெண்ணோ தன் நகையைத் தானே ஒரு பொய் கொடுத்து மீட்டுக்கொண்டு போகிறாள். அந்த வழக்கில் பொய் எது என்று கேட்டால் கடைசி நாளில் கூண்டில் சொன்னதுதான். அதை வாங்கியவர்களே பிறகு வெளியே வந்து, "பாத்தீங்களா, பொய் கேஸ்" என்கிறார்கள்.

இது நானாக ஊகித்த கதை மட்டுமல்ல. சமூகவியலாளர் பிரதீக்ஷா பக்ஷி குஜராத்தில் ஒரு விசாரணை நீதிமன்றத்தில் நீண்ட காலம் உட்கார்ந்து பாலியல் வன்முறை வழக்குகளைக் கவனித்து 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். சட்டம் அனுமதிக்காத சமரசம் வெளியே பேசி முடிக்கப்படுகிறது, உள்ளே அது பிறழ் சாட்சியம் என்ற உருவில் வந்து நிற்கிறது, எல்லாருக்கும் இது தெரிந்தே நடக்கிறது என்பது அதில் அவர் காட்டியது. வழக்கின் வகை வேறு, வழி ஒன்றுதான். தீர்ப்பை மட்டும் படித்திருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்காது. தீர்ப்பில் 'அ.சா.1 அரசுத் தரப்பை ஆதரிக்கவில்லை' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். ஏன் ஆதரிக்கவில்லை என்பது வராந்தாவில் இருக்கிறது.

இங்கேதான் மாணவர்கள் வருகிறார்கள். நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான்.

நாம் கட்டிய வழக்கின் காகிதங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். குற்ற வழக்கு ஒரு நீதித்துறை நடுவரிடம் இருக்கிறது. குடும்ப வன்முறை மனு இன்னொரு நடுவரிடம் இருக்கலாம். விவாகரத்தும் ஜீவனாம்சமும் மாவட்டத் தலைநகரில் குடும்ப நீதிமன்றத்தில். ரத்து மனு போயிருந்தால் மதுரையில். முதல் சி.எஸ்.ஆர். ஸ்டேஷன் பதிவேட்டில். ஒரே குடும்பம், நான்கைந்து கட்டுகள். எந்த நீதிபதியின் மேசையிலும் எல்லாக் கட்டுகளும் ஒன்றாக வருவதில்லை. இணையத்தில் உள்ள தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பும் வழக்கு வாரியாக எண்ணுகிறது, குடும்ப வாரியாக எண்ணுவதில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்து மனு தாக்கலான வாரத்திலேயே குற்ற வழக்கில் சாட்சி பிறழ்ந்தது என்பதை யாராவது இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நேரம் பிடிக்கும், சலிப்பூட்டும், ஆனால் நுணுக்கமான வேலை. வழக்கறிஞருக்கு இதில் காசு இல்லை, நீதிபதிக்கு நேரம் இல்லை. சட்டம், சமூகப்பணி, சமூகவியல் படிக்கும் மாணவர் ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு உதவியாளராக இதைச் செய்யலாம். தேதிகளைக் குறிக்கலாம். வாய்தா எத்தனை, எதற்காக என்று எண்ணலாம். இடைக்கால ஜீவனாம்ச உத்தரவு எப்போது வந்தது, பணம் எப்போது வந்தது, வரவே இல்லையென்றால் நிறைவேற்று மனு போட்டார்களா என்று அட்டவணை போடலாம்.

அட்டவணைக்கு அளவுகோலும் சட்டத்திலேயே இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மனு வந்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்கப்பட வேண்டும் என்கிறது. அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. ஒரு மாவட்டத்தில் இந்த 60 நாள் நிஜத்தில் எத்தனை நாள் என்று தெரிந்தால், பெண்கள் ஏன் சமரசத்துக்கு இறங்குகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வர வேண்டிய பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்குத்தான், புறநகர்ப் பேருந்துக்குக் காசு வேண்டும். நூறு நாள் வேலையில் அன்றைய கூலி போகும். பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிட, எதிர்மனுதாரர் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றால் இவ்வளவும் மறுபடி. பாதுகாப்பு அலுவலரோ மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இருக்கிறார். 13 ஒன்றியங்களும் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளும் உள்ள மாவட்டம் இது.

சிங்கப்பூரும் வளைகுடாவும் இந்த மாவட்டத்தின் இன்னொரு சிக்கல். கணவர் வெளிநாட்டில் இருந்தால் சம்மன் சார்பு ஆவதே தனிக் கதை. அடி வாங்கியது மாமியார் வீட்டில், உத்தரவு வந்தது தொலைபேசியில், நிறுத்தப்பட்டது மாதாமாதம் வந்த பணம். பணத்தை முடக்குவதும் குடும்ப வன்முறைதான் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கைபேசியில் வந்த மிரட்டலுக்கு எந்த அண்டை வீட்டுக்காரர் சாட்சி? இப்படிப்பட்ட வழக்கு வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்து ஒருநாள் சாட்சியில்லாமல் சாகும். அதுவும் எண்பத்தைந்துக்குள் சேர்ந்துவிடும்.

பொய்ப் புகாரே கிடையாதா? உண்டு. வெளியூரில் கட்டிக்கொடுத்த நாத்தனார், எழுபது வயது மாமனார், கல்யாணத்தின்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன் என்று எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் எதிரியாக்கும் புகார்களை யாரும் மறைக்க முடியாது. 2024 டிசம்பர் 10 அன்று தாரா லட்சுமி நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது இந்தப் பழக்கத்தைத்தான். அந்தக் கண்டனம் நியாயமானது. சம்பந்தமில்லாத ஒருவர் ஸ்டேஷன் வாசலில் உட்காருவது அநியாயம், அர்னேஷ் குமார் தீர்ப்பு கைதுக்குப் போட்ட கடிவாளம் சரியானது என்பதே என் கருத்தும். ஆனால் அந்தப் புகார்களின் நடையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். அந்தப் பெண் பேசும் தமிழ் அதில் இருக்காது. ஸ்டேஷனுக்கு வெளியே மனு எழுதுகிறவர் எழுதியது, அல்லது "எல்லாரையும் சேர்த்துப் போட்டாத்தான் இறங்கி வருவாங்க" என்று ஆலோசனை சொன்னவர் எழுதியது. அடி விழுந்தது உண்மை. கூட இன்னும் நான்கு பேர் அடித்தார்கள் என்பது எழுதியவரின் சேர்மானம். அந்தச் சேர்மானத்தால் கேஸ் உடைந்தால், உடைந்தது அடியா சேர்மானமா? இதைப் பிரித்துச் சொல்லவும் கட்டுகளைப் படித்த ஆள்தான் வேண்டும். 2005-இல் சுஷில் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'சட்டப் பயங்கரவாதம்' என்ற சொல்லையே பயன்படுத்தியது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறவர்கள், அதே தீர்ப்பில் நீதிமன்றம் 498-ஏ பிரிவை ரத்து செய்ய மறுத்ததைச் சொல்வதில்லை.

பொய் வழக்குக் கணக்கை நம்புகிறவர்கள் பார்க்காத இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமானவர்களில் 38.1 சதவீதப் பெண்கள் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்கிறது. நாடு முழுவதற்கும் அது 29.3 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாட்டளவில் 14 சதவீதம்தான், 77 சதவீதம் பேர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கோர்ட்டுக்கு வந்தவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று கவலைப்படுகிற சமூகம், வராதவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, மாணவர்களுக்கு அங்கே என்ன வேலை என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். குடும்ப அந்தரங்கம், படிக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் மூடிய அறை விசாரணைக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். நீதிமன்றம் விரும்பினால் மூடிய அறை, இரு தரப்பில் ஒருவர் கேட்டாலும் மூடிய அறை, யாரும் கேட்காவிட்டால் இல்லை. நீதிபதியின் அனுமதியோடும் மனுதாரரின் சம்மதத்தோடும் ஒரு மாணவர் உட்காருவதைச் சட்டம் தடுக்கவில்லை. 1990-களின் கடைசியில் அமெரிக்க மானுடவியலாளர் சில்வியா வட்டுக் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தைக் கவனித்து ஆராய்ந்தார். முஸ்லிம் பெண்களின் மண வழக்குகளைப் பற்றி எழுதினார், அவை 2017-இல் நூலாகவும் வந்தன. சிகாகோவிலிருந்து வந்தவருக்குத் திறந்த கதவு திருச்சி சட்டக் கல்லூரி மாணவிக்கு ஏன் திறக்கக் கூடாது?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2017-இல் ராஜேஷ் சர்மா வழக்கில், 498-ஏ புகார்களை முதலில் குடும்ப நலக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள், சட்டத்தில் இல்லாத குழுவை நீதிமன்றம் உண்டாக்க முடியாது என்று அதை நீக்கினார்கள். 2022-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதே குழுவைப் புது வடிவில் கொண்டுவந்தது. எஃப்.ஐ.ஆர். பதிவாகி இரண்டு மாதம் ஆறப்போட வேண்டும், அதற்குள் கைது கூடாது, குழு இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு இந்த நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லிவிட்டது. மூவர் மூடிய கதவை இருவர் திறந்த கதை தனியாக எழுத வேண்டியது. குழுவில் யார் யார் உட்காரலாம் என்று அலகாபாத் போட்ட பட்டியலைப் பாருங்கள். இளம் சமரசர், இளம் வழக்கறிஞர், ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர், உயர் அதிகாரிகளின் படித்த மனைவியர். இவர்களோடு ஐந்தாம் ஆண்டு சட்ட மாணவர்!

அதாவது அடிபட்ட பெண்ணை எதிரே உட்காரவைத்து அவள் குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் பேசுவதற்கு மாணவருக்கு வயதும் பக்குவமும் போதும். பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து தேதி குறித்துக்கொள்வதற்கு மட்டும் போதாது. அந்தரங்கம் என்ற வாதம் எங்கே போயிற்று? பஞ்சாயத்தில் உட்காரும் மாணவர் கேட்டதெல்லாம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பும். குறிப்பெடுக்கும் மாணவரோ பெயரை அழித்துவிட்டுத்தான் எழுதுவார். எது ஆபத்து?

மாணவர் ஆய்வுக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கடுமையாகவே வேண்டும். பெருநகரத்தில் பெயரை மறைத்தால் போதும். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது போதாது. 'இலுப்பூர்ப் பக்கம், கணவர் சிங்கப்பூர், பெண் அங்கன்வாடிப் பணியாளர்' என்று எழுதினால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். ஊர், தொழில், சாதி, நாடு எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். கட்டைக் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது, ஆபத்து என்று தெரிந்தால் 181 உதவி எண்ணுக்கோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வழி காட்டினால் போதும். கணவர் தரப்பு மாணவரிடம் பேச வந்தால் அதையும் அதே நேர்மையோடு குறிக்க வேண்டும். மூன்று மாதம் இந்தக் கட்டுகளையே படிக்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு இரவில் தூக்கம் வராது. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் வேலை கொடுக்கும் பேராசிரியர். கூலி விஷயமும் உண்டு. நன்றியுரையில் பெயர் போடுவதைச் சம்பளம் என்று நினைக்கும் பேராசிரியர்கள், சுரண்டலைப் பற்றி ஆய்வு நடத்துவதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

"பிள்ளைகள் பெண் பக்கமே சாய்வார்கள்" என்று இன்னொரு குரல். சாயட்டும், அட்டவணை சாயாது. வாய்தாத் தேதி தேதிதான். கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, உண்மையிலேயே நூற்றுக்கு இத்தனை புகார்கள் ஆதாரமற்றவை என்று வந்தால் அதையும் அச்சிட வேண்டும். பொய் வழக்கு பெருகிவிட்டது என்று மெய்யாகவே நம்புகிறவர்கள்தான் இந்த ஆய்வை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கழித்தல் கணக்கே போதுமாக இருக்கிறது.

கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிப்பதுதான் நம் பண்பாடு என்பவர்களுக்கும் இந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்பிலிருந்து 2000-களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. ஆண்கள் மட்டும் கூடும் ஜமாஅத்தில், பெண் நேரில் வந்து பேசவே இடமில்லாமல், அவளுடைய மணமுறிவும் ஜீவனாம்சமும் அவள் இல்லாமலே முடிவாகிக்கொண்டிருந்தன. அதை எதிர்த்தே இவர்கள் பெண்களாகக் கூடி மனு வாங்கினார்கள், ஆண் தரப்பைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், தேவைப்பட்டால் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் இதை ஆவணப்படமாக எடுத்தார். இவர்களும் பேசித்தான் முடித்தார்கள், ஆனால் பேசும் இடத்தில் அடிபட்டவள் இருந்தாள். உறவுப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். சமரசம் நல்லதா கெட்டதா என்று பொதுப்படையாகக் கேட்பதில் பொருளில்லை. யார் முன்னால், என்ன விலைக்கு, எத்தனை வாய்தாவுக்குப் பிறகு என்று கேட்க வேண்டும். லோக் அதாலத் முடிந்ததும் 'இத்தனை வழக்குகளுக்குத் தீர்வு' என்று செய்தி வருகிறது. அந்தத் தீர்வில் பேசிய தொகை கைக்கு வந்ததா என்று ஆறு மாதம் கழித்து யாராவது போய்க் கேட்டிருக்கிறார்களா?

மாணவர்களால் ஆகிற காரியமா என்று உதடு பிதுக்குகிறவர்கள் 1991-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி இயக்கத்தை இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களில் ஏராளமான பெண்கள். கல்லுடைக்கும் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்த ஊர் இது. அட்டவணை போடத் தெரிந்த பத்து மாணவர்களுக்கா இங்கே பஞ்சம்?

ஆகவே சட்டக் கல்லூரி முதல்வர்களிடமும் மாவட்ட நீதித்துறையிடமும் கேட்பது ஒன்றுதான். புதிதாகச் சட்டம் போட வேண்டாம், நிதி ஒதுக்கவும் வேண்டாம். ஒரு சிவில் வழக்கையும் ஒரு குற்ற வழக்கையும் நேரில் கவனித்துப் பதிவேடு எழுத வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளே ஒவ்வொரு மாணவரையும் கட்டாயப்படுத்துகின்றன. சீனியர் மாணவரின் பதிவேட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவதும் அதில் கையெழுத்துப் போடுவதும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இனிமேல் அந்தச் சிவில் வழக்கு ஒரு ஹெச்.எம்.ஓ.பி.யாகவும், அந்தக் குற்ற வழக்கு அதே குடும்பத்தின் 498-ஏ ஆகவும் இருக்கட்டும். பழைய பிரிவு எண் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆகிவிட்டது, கூண்டில் நிற்கும் பெண்ணுக்கு எதுவும் மாறவில்லை. முடிந்த வழக்குகளின் கட்டுகளை, பெயர் மறைக்கும் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, அவர்களுக்குக் காட்டுங்கள். அந்தப் பதிவேட்டுக்குப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே 30 மதிப்பெண் இருக்கிறது.